புகைக்கு முதலிடம், குடிநீருக்குக் கடையிடமா?

ஓர் ஊரின் உடல்நலம் மருத்துவமனையில் முடிவாவதில்லை. அவ்வூர் நகராட்சியின் வரவு செலவுத் திட்டத்தில் முடிவாகின்றது. எந்தச் செலவு முதலில் எழுதப்படுகின்றது, எந்தச் செலவு இறுதியில் எழுதப்படுகின்றது, எந்தச் செலவு எழுதப்படாமலேயே விடப்படுகின்றது என்னும் இம் மூன்றும் சேர்ந்தே, அவ்வூரில் பிறந்த குழந்தை அடுத்த மழைக்காலத்தை நோயின்றிக் கடக்குமா என்பதை வரையறுக்கின்றன. மருத்துவர் வருவது அதன் பிறகு. ஊசியும் மருந்தும் வருவது அதற்கும் பிறகு. இவ்வுண்மையை மக்கள் உணராதவரை, அவர்கள் நோயுற்ற பின் இரங்கி வேண்டுவோராகவே இருப்பர். நோய் வருமுன் கணக்குக் கேட்கும் குடிமக்களாக ஒருகாலும் ஆகார்.

மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தில், பன்னிரண்டு கிலோமீட்டர் இடைவெளியில் அமைந்த இரண்டு ஊர்களை எடுத்துக்கொள்க. ஒன்று இராசபாளையம், மற்றொன்று திருவில்லிபுத்தூர். 2011-ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கின்படி முன்னதில் ஏறத்தாழ 1,30,000 மக்களும், பின்னதில் ஏறத்தாழ 75,000 மக்களும் வாழ்ந்தனர். முன்னது 42 வட்டங்களையும் பின்னது 33 வட்டங்களையும் உடைய நகராட்சிகள். முன்னது பஞ்சாலை ஊர்; பின்னது கோயில் ஊர். இராசபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியிலும் அதன் சுற்றுப்புறச் சிற்றூர்களிலும் விசைத்தறிகள் இரவு பகலாக இயங்கி, மருத்துவமனைகளுக்கு வேண்டிய புண்கட்டுத் துணியை நெய்து குவிக்கின்றன. நாட்டின் பல மூலைகளிலும் உள்ளார் புண்ணுக்குக் கட்டும் துணி இங்கிருந்து செல்கின்றது. ஊரார் புண்ணையெல்லாம் கட்டுவதற்குத் துணி நெய்யும் பகுதி, தன் நோய்க்குத் தானே வரிசை வகுத்து மருந்திடும் உரிமையைப் பெற்றிருக்கின்றதா? இதுவே இங்குக் கேட்கப்பட வேண்டிய கேள்வி.

ஆண்டுதோறும் வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் தமிழகத்து நகரங்கள் யாவற்றிலும் ஒரே காட்சி நிகழ்கின்றது. காய்ச்சல் பரவியதென்னும் செய்தி எழும். உடனே தெருவில் புகைப்பொறியின் ஓசை கேட்கும். வெண்புகை தெருவை மூடும். சிறுவர் அப் புகையின் பின்னே ஆரவாரித்து ஓடுவர். மறுநாள் நாளிதழில் புகைப்பொறியின் படம் வரும். நகராட்சி தன் கடமையைச் செய்துவிட்டது என்று மக்களும் அமைவர். மக்கள் அமைந்துவிட்டனர் என்று நகராட்சியும் அமையும். ஆனால் கொசு அமைவதில்லை.

டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் கொசு சாக்கடையில் பிறப்பதன்று. அது வீட்டுக்குள் மூடாது வைத்த தூய நீரில் பிறப்பது. தொட்டியிலும், அண்டாவிலும், நெகிழிப் பீப்பாயிலும், கொல்லையில் கிடக்கும் ஆட்டுரலிலும், சிரட்டையிலும் முட்டையிட்டு, ஏழு முதல் பத்து நாள்களுக்குள் சிறகு முளைத்துப் பறக்கின்றது. அது கடிப்பது பகலில். தங்குவது வீட்டுக்குள் கட்டிலின் அடியிலும் தொங்கும் துணியின் மறைவிலும். தெருவில் அடிக்கும் புகை, பறக்கும் கொசுக்களுள் சிலவற்றைக் கொல்லும். வீட்டு மூலையிற் பதுங்கிய கொசுவையோ, தொட்டியில் நெளியும் புழுவையோ, தொட்டிச் சுவரில் ஒட்டிய முட்டையையோ அது தீண்டுவதில்லை. அம் முட்டை நீரின்றிக் காய்ந்தாலும் திங்கள் கணக்கில் உயிரோடிருந்து, மீண்டும் நீர் பட்டவுடன் பொரிக்கும். எனவே கிழமைக்கு ஒருமுறை தொட்டியைக் கவிழ்த்துத் தேய்த்துக் கழுவுதலே மருந்து என்பது அறிவியல் கண்ட முடிபு.

கவிழ்த்துக் கழுவச் சொல்வது எளிது. அடுத்த நீர் என்றைக்கு வரும் என்று அறியாத தாய் எங்ஙனம் தொட்டியைக் கவிழ்ப்பாள்? குழாயில் நாள்தோறும் நீர் வருமாயின் அவள் ஏன் அண்டா அண்டாவாகத் தேக்கி வைக்கப் போகின்றாள்? சில நாள்களுக்கு ஒருமுறை நீர் விடப்படும் ஊரில், விடியுமுன் எழுந்து, ஆலைப் பணிக்குப் போகுமுன் குடங்குடமாகப் பிடித்து நிரப்பிய நீர் அவளுக்குப் பொன். அப் பொன்னைக் கீழே கொட்டச் சொல்லும் அறிவுரைத்தாள், அவள் நிலையை அறியாதார் எழுதிய தாள். ஆகலின் டெங்குவின் கரணியத்தைத் தேடிச் செல்வார், கொசுவைக் கடந்து, தொட்டியைக் கடந்து, இறுதியில் நகராட்சியின் நீரேற்று நிலையத்தில் போய் நிற்பர். குழாயில் நீர் வரும் நாள்களின் இடைவெளியே காய்ச்சலின் அளவுகோல்.

இது சிறிய நோயன்று. 2012-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் 12,826 பேர் டெங்குவால் தாக்கப்பட்டதாகவும் 66 பேர் இறந்ததாகவும் அரசுக் கணக்கே கூறிற்று. இராசபாளையத்திற்குத் தெற்கே, அதே மலையடிவாரச் சாலையில் உள்ள கடையநல்லூர் அவ்வாண்டில் பெருந்துயருக்கு உள்ளான ஊர்களுள் ஒன்று. 2017-இல் தாக்கப்பட்டோர் தொகை 23,294, இறந்தோர் 65. ஐந்தாண்டுகள் புகையடித்த பின் வந்த கணக்கு இது. புகையின் பயனை இதனினும் தெளிவாக எடுத்துரைக்க வேறு சான்று வேண்டுவதின்று.

அங்ஙனமாயின் புகைக்கு ஏன் முதலிடம்? விடை எளிது. புகை கண்ணுக்குத் தெரியும். மண்ணுக்குள் புதைந்த குழாய் தெரியாது. புகையை இன்று மாலையே அடிக்கலாம். குழாய் பதிக்க ஆண்டுகள் ஆகும். புதிய கட்டடத்திற்குக் கல்வெட்டு உண்டு. நாள்தோறும் வாரப்படும் குப்பைக்குக் கல்வெட்டு இல்லை. வராத நோய்க்கு நன்றி சொல்வார் யாருமில்லை. வந்த நோய்க்கு முகாம் நடத்தினால் மாலை உண்டு. இவ்வாறு, கண்ணுக்குத் தெரிவன முன்னும், தெரியாதன பின்னுமாக ஒதுக்கீடு அமைந்துவிடுகின்றது. வீடுவீடாகச் சென்று தொட்டியைத் திறந்து புழுவைத் தேடும் பணியாளரே டெங்குவை உண்மையில் தடுப்பவர். அவரோ, பெரும்பாலும் நாட்கூலிக்கும் ஒப்பந்தத்திற்கும் அமர்த்தப்பட்டு, காய்ச்சல் தணிந்ததும் வேலை நிலையாத நிலையில் வைக்கப்படுகின்றார். தலையாய பணி செய்வாருக்குக் கடையாய இடம்! இக்குறை ஒரு நகராட்சிக்கு மட்டும் உரியதன்று. நாடு முழுதும் பரவிய முறைகேடு.

தமிழர்க்கு இவ்வரிசையை எவரும் புதிதாகக் கற்றுத்தர வேண்டியதில்லை. திருக்குறளின் 95-ஆம் அதிகாரம் 'மருந்து'. அதன் அமைப்பை மட்டும் நோக்குக. நோயின் தோற்றத்தைக் கூறும் முதற்குறளை அடுத்து, ஆறு குறள்கள் உணவின் அளவையும் முறையையும் பேசுகின்றன. மருத்துவன் செயலும் மருந்தின் கூறுகளும் இறுதி மூன்று குறள்களிலேயே வருகின்றன. மருந்து என்று பெயரிட்ட அதிகாரத்திலேயே நோய் வாராமற் காத்தலுக்கு ஆறு பங்கு; வந்த நோய்க்கு மூன்று பங்கு! இதனினும் சிறந்த ஒதுக்கீட்டை எந்தத் திட்டக்குழு வகுத்துவிடும்? இன்றைய ஆட்சிகளின் கணக்கோ இதனைத் தலைகீழாக்கி நிற்கின்றது.

சட்டம் இல்லாமையால் இக்குறை நேர்ந்ததென்று கூறுதற்கில்லை. பொது நலவாழ்வுக்கெனத் தனித் துறையைத் தமிழகம் 1922-ஆம் ஆண்டிலேயே கண்டது. மருத்துவமனைகளை நடத்தும் துறை வேறு; நோய் வாராமற் காக்கும் துறை வேறு என்னும் இப்பாகுபாடு, பல மாநிலங்களில் இன்றும் செவ்வையாக இல்லாத ஒன்று. அதற்குப் பின், 1939-ஆம் ஆண்டில் சென்னைப் பொது நலவாழ்வுச் சட்டம் இயற்றப்பட்டது. இந்திய மாநிலங்களுள் இத்தகைய முழுமையான சட்டம் முதலில் இங்குத்தான் தோன்றிற்று. 1938-இல் பள்ளிகளில் கட்டாய இந்தியைப் புகுத்தித் தமிழரின் நெஞ்சைப் புண்படுத்திய அதே இராசாசி அமைச்சரவையின் காலத்தில் வந்த சட்டம் இது. எனினும் தீயதைத் தீயது என்ற நா, நல்லதை நல்லது என்று சொல்லவும் தயங்குதல் ஆகாது.

அச்சட்டத்தில் ஓர் அரிய விதி உண்டு. ஒவ்வொரு நகராட்சியும், அரசு நல்கையை நீக்கி, தன் சொந்த வருவாயில் நூற்றுக்கு முப்பதுக்குக் குறையாத பங்கினைப் பொது நலவாழ்வுக்கென ஒதுக்குதல் வேண்டும். குடிநீரும் வடிகாலும் அதனுள் அடங்கும் என்பதே அவ்விதி. எவ்வளவு தெளிந்த நோக்கு! நலவாழ்வு என்பது மருத்துவமனையன்று, முதற்கண் குடிநீரும் வடிகாலும் என்பதை எண்பது ஆண்டுகட்கு முன்னரே சட்டம் உணர்ந்திருந்தது. இவ்விதியை இன்று எத்தனை நகர்மன்ற உறுப்பினர் அறிவர்? தம் ஊர் நகராட்சி அம் முப்பது விழுக்காட்டை ஒதுக்கிற்றா என்று எத்தனை வாக்காளர் கேட்டனர்? சட்டப் புத்தகத்தில் உறங்கும் விதி, கேட்பாரற்ற சொத்தைப் போன்றது. யாரும் அதனை மறுப்பதுமில்லை, யாரும் அதனைத் தருவதுமில்லை.

கேட்பதற்கு மக்கட் சார்பாளரே இல்லாத காலமும் ஒன்று இருந்தது. 2011-இல் தேர்ந்தெடுக்கப்பட்ட நகர்மன்றங்களின் காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அடுத்த தேர்தல் 2022 பிப்பிரவரி 19-ஆம் நாளே நடந்தது. இடைப்பட்ட ஐந்தாண்டுக்கு மேற்பட்ட காலம், தமிழகத்து நகரங்கள் யாவும் தனி அலுவலர் கையில் இருந்தன. அக்காலத்தில்தான் 2017-ஆம் ஆண்டின் டெங்கு வந்தது. 2020-இன் கொரோனாப் பெருந்தொற்றும் வந்தது. வாழ்வும் சாவும் எதிரெதிரே நின்ற வேளையில், தம் வட்டத்திற்கென வாய்திறக்க ஓர் உறுப்பினரும் இல்லாதிருந்தனர் மக்கள். அலுவலர் தீயவர் என்பதன்று இதன் பொருள். அலுவலர் மேலிடத்திற்கு விடை சொல்வார். தெருவுக்கு விடை சொல்லார் என்பதே. மேலிடம் கேட்பது எத்தனை முகாம் நடந்தது என்னும் கணக்கை. தெரு கேட்பதோ எத்தனை நாளுக்கு ஒருமுறை நீர் வரும் என்னும் கணக்கை. இரண்டும் வேறு வேறு.

இனி, தில்லியிலிருந்து வரும் பணத்தைப் பார்ப்போம். 1992-இல் நிறைவேறிய 74-ஆம் அரசியலமைப்புத் திருத்தம், பொது நலவாழ்வும் துப்புரவும் திடக்கழிவு அகற்றலும் நகராட்சிக்கு உரியன எனத் தன் பன்னிரண்டாம் பட்டியலில் எழுதிற்று. எழுதியது பணியை, பணத்தையன்று. பணம் மேலிருந்து கீழ் வர வேண்டியதாகவே நின்றது. பதினைந்தாம் நிதியாணையம் 2021 முதல் 2026 வரையுள்ள ஐந்தாண்டுகளுக்கு உள்ளாட்சிகளின் வழியாக நலவாழ்வுக்கென 70,051 கோடி உருபாவைப் பரிந்துரைத்தது. பெருந்தொகைதான். ஆனால் அத்தொகை எவ்வெத் தலைப்பில் செலவிடப்பட வேண்டும் என்பதும் உடன் எழுதியே வந்தது. துணை நிலையங்களில் நோயறி கருவி, வட்டார நலவாழ்வு அலகு, நகர்ப்புற நலவாழ்வு மையம் எனத் தலைப்புகள் முன்னரே வகுக்கப்பட்டன. தமிழகத்தில் இவ்வகையில் 708 நகர்ப்புற நலவாழ்வு மையங்கள் அறிவிக்கப்பட்டு, அவற்றுள் 500 மையங்கள் 2023 சூன் 6-ஆம் நாள் திறக்கப்பட்டன. ஏழை மக்களுக்கு அண்மையில் ஒரு மருத்துவர் கிடைத்தது நன்றே. அதனைக் குறைகூறுவது அறமன்று. குறை வேறிடத்தில் உள்ளது. ஓர் ஊருக்கு மையம் வேண்டுமா, நீரேற்றுக் குழாய் வேண்டுமா என்னும் கேள்வியை அவ்வூரிடம் எவரும் கேட்கவில்லை என்பதே அக்குறை.

அதே ஆணையம், சிறு நகரங்களுக்குத் தரும் பொது நல்கையிலும் நூற்றுக்கு அறுபதைக் குடிநீருக்கும் துப்புரவுக்கும் எனக் கட்டிவைத்தது. நோக்கம் நன்றே. 1939-ஆம் ஆண்டுச் சட்டத்தின் நோக்கமும் அதுவே. ஆனால் இரண்டிற்கும் வேறுபாடு உண்டு. பழைய சட்டம், உன் வருவாயில் இத்தனை பங்கை நலத்திற்கு வை. எவ்வழியில் என்பதை நீயே முடிவு செய் என்றது. புதிய முறையோ, என் பணத்தை நான் சொன்ன வழியில் செலவிடு என்கின்றது. முன்னது குடும்பத் தலைவனுக்குச் சொல்லும் நெறி. பின்னது கூலியாளுக்கு இடும் ஆணை. அவ்வாணைக்கு உடன்பட்டதன் விளைவாக, 2022-இல் தமிழகத்தில் சொத்துவரி 25 விழுக்காடு முதல் 150 விழுக்காடு வரை உயர்த்தப்பட்டது. நிதியாணையம் இட்ட கட்டுப்பாடே அதற்குக் கரணியம் எனக் காட்டப்பட்டது. வரி கொடுப்பவன் இராசபாளையத்தான். வரிசை வகுப்பவன் தில்லியான்!

பெயர் வைக்கும் உரிமையும் ஊருக்கு இல்லாமற் போயிற்று. 2023 நவம்பரில் நடுவணரசு, தன் பணம் பெறும் நலவாழ்வு மையங்களுக்கெல்லாம் 'ஆயுசுமான் ஆரோக்கிய மந்திர்' எனப் பெயர் மாற்றுமாறும், வடமொழித் தொடர் ஒன்றை அதன்கீழ் எழுதுமாறும் மாநிலங்களுக்கு எழுதிற்று. செண்பகத்தோப்பின் பளியர் குடியிருப்பிலிருந்து இறங்கிவரும் முதியவளுக்கு அப்பெயர் எதனை உணர்த்தும்? நலம், நோய், மருந்து, மருத்துவன் என்று ஈராயிரம் ஆண்டுகளாகச் சொல் வைத்திருக்கும் ஒரு மொழியின் நிலத்தில், மருத்துவம் பார்க்கும் இடத்திற்கு அம்மொழியில் பெயர் இல்லையா? இது வெறும் பெயர்ச் சிக்கலன்று. பெயர் விளங்காத இடத்தில் உரிமையும் விளங்காது. தனக்கு விளங்காத பெயர்ப்பலகையின் முன் நிற்பவன், தன் வரிப்பணத்தால் எழுந்த கட்டடத்திலேயே பிறன் வீட்டு வாயிலில் நிற்பவனைப் போல் கூனி நிற்கின்றான்.

ஊர் தோறும் நோய் வேறு; ஆகலின் ஊர் தோறும் வரிசையும் வேறாதல் வேண்டும். இதனை விளக்கத் தொலைவு செல்ல வேண்டியதில்லை. விருதுநகர் மாவட்டம் நலவாழ்வுப் பணிக்காக விருதுநகர், சிவகாசி என இரு பகுதிகளாகப் பகுக்கப்பட்டது. சிவகாசிப் பகுதிக்குள்ளேயே எத்தனை வேறுபாடுகள்! சிவகாசியின் பட்டாசுத் தொழிலாளிக்குத் தீப்புண் பண்டுவம் உயிர்நாடி. இராசபாளையத்து ஆலைத் தொழிலாளிக்கும் சத்திரப்பட்டித் தறிக்காரருக்கும் பஞ்சுத் தூசு நுரையீரலில் படிந்து விளைக்கும் மூச்சுநோயே முதற்பகை. அந் நோய் தொழில்வழி நோயென்று சட்டம் ஏற்றுக்கொண்ட ஒன்று. ஆயினும் பத்துப் பேருக்குக் குறைவானவர் வேலை செய்யும் தறிக்கூடத்திற்குத் தொழிலாளர் ஈட்டுறுதிச் சட்டம் எட்டுவதில்லை. அங்கு இருமுகின்றவன் எந்தக் கணக்கிலும் வாரான். திருவில்லிபுத்தூரிலோ, ஆடிப்பூரத் தேர்த் திருவிழாவின்போது ஊரின் மக்கள் தொகையை விஞ்சிய கூட்டம் வந்து சேர்கின்றது. அங்குக் கழிப்பிடமும் குடிநீரும் முதற்றேவை. மலையடிவாரச் சிற்றூர்களுக்குப் பாம்புக்கடி மருந்து அருகிலேயே இருத்தல் வேண்டும். 2005-இல் இந்திய அஞ்சல்துறை தலை வெளியிட்டுப் பெருமைப்படுத்திய வேட்டை நாய்க்கு இராசபாளையம் தன் பெயரைத் தந்தது. தெருநாய்க் கடிக்கு ஊசி தேடி அலைவோரும் இப்பகுதித் தெருக்களில் உள்ளனர். இவற்றுள் எது முன், எது பின் என்பதைத் தில்லியில் அச்சடித்த படிவம் அறியுமா? படிவத்தில் உள்ள கட்டங்களுள் இருமலுக்குக் கட்டம் இல்லையெனின் இருமலே இல்லையென்று ஆகிவிடும்.

மறுப்போர் ஒரு வினா எழுப்புவர். நலவாழ்வு அறிவியல் வல்லுநர்க்கு உரியது. கல்லாத மக்களிடமும் கட்சி சார்ந்த உறுப்பினரிடமும் அதனை விட்டால் ஊருக்குக் கேடே விளையும் என்பர். இவ்வினாவைப் புறந்தள்ளுதல் ஆகாது. இதற்கு வரலாற்றில் கசப்பான சான்றே உண்டு. செருமனியில் எல்பு ஆற்றங்கரையில் ஆம்பர்கு, ஆல்தோனா என்னும் இரு நகரங்கள் அந்நாளில் அடுத்தடுத்து இருந்தன. இராசபாளையத்திற்கும் திருவில்லிபுத்தூருக்கும் இடையே உள்ள தொலைவு கூட அவற்றிடையே இருக்கவில்லை. இரண்டும் அதே ஆற்று நீரைப் பருகின. ஆல்தோனா ஆற்றின் கீழ்ப்பகுதியில் இருந்தது. ஆம்பர்கின் கழிவெல்லாம் கலந்த நீரே அதற்குக் கிட்டியது. எனினும் அது மணற்படுகையில் நீரை வடித்துப் பருகிற்று. செல்வம் மிக்க ஆம்பர்கோ, செலவுக்கு அஞ்சி, வடிபடுகை கட்டுவதைப் பல்லாண்டுகள் தள்ளிப்போட்டது. 1892-இல் காலரா எனப்படும் கக்கல் கழிச்சல் நோய் வந்தது. ஆம்பர்கில் 8,600 பேர் மாண்டனர். ஆல்தோனாவில் நோய் அவ்வாறு பரவவில்லை. இரு நகரங்களும் சந்திக்கும் தெருக்களில், நீர்க்குழாய் எந்நகருடையதோ அதற்கேற்பச் சாவும் எல்லை வகுத்து நின்றது.

ஆம்பர்கு தன்னாட்சி நகரம் என்பதை மறைக்க வேண்டியதில்லை. வெளியூரான் எவனும் அதனைக் கெடுக்கவில்லை; ஊராட்சியே கெடுத்தது. ஏன்? அவ்வாட்சி ஊராரின் ஆட்சியாக இருக்கவில்லை. வணிகரும் வீட்டுடைமையாளருமே வாக்குரிமை பெற்று மன்றத்தை நிறைத்திருந்தனர். வடிபடுகைக்கு வரி கொடுக்க வேண்டியவர் அவர். கழிவுநீர் குடித்துச் சாக வேண்டியவரோ துறைமுகச் சேரியில் வாழ்ந்த, வாக்கற்ற தொழிலாளர். செலவை முடிவு செய்தவன் ஒருவன். சாவை ஏற்றவன் மற்றொருவன். எனவே ஆம்பர்கு கற்பிக்கும் பாடம் ஊராட்சி கூடாதென்பதன்று. நோயுறுவோரின் வாய் மன்றத்தில் ஒலிக்காத ஊராட்சி போதாதென்பதே. வல்லுநர் எவ்வாறு செய்வதென்று சொல்லட்டும். எங்கு வலிக்கின்றதென்று சொல்ல வேண்டியவர் வலியுடையாரே.

மலைக்கு அப்பால் ஓர் எடுத்துக்காட்டும் உண்டு. கேரளம் 1996-இல் மக்கள் திட்ட இயக்கத்தைத் தொடங்கி, மாநிலத் திட்டப் பணத்தில் 35 முதல் 40 விழுக்காடு வரையிலான பங்கை உள்ளாட்சிகளுக்குப் பிரித்துக் கொடுத்தது. தொடக்க நலவாழ்வு நிலையங்களையும் அவற்றின் பொறுப்பில் விட்டது. ஊரார் கூடிப் பேசித் தேவைகளை வரிசைப்படுத்தினர். அங்கும் குறைகள் உண்டு. ஆயினும் கேட்டுச் செய்யலாம் என்பது அங்கு மெய்ப்பிக்கப்பட்டது. மலையின் மேற்குச் சரிவில் இயல்வது கிழக்குச் சரிவில் ஏன் இயலாது?

தமிழகத்திலும் வாயில் முற்றிலும் அடைபட்டிருக்கவில்லை. 2022-இல் நகர்ப்புறங்களுக்கு வட்டக் குழுக்களும் பகுதி அவைகளும் விதிவழி அமைக்கப்பட்டன. அவ்வாண்டு நவம்பர் 1-ஆம் நாளாகிய உள்ளாட்சி நாளில் பகுதி அவைகள் முதன்முறையாகக் கூடின. இவ்வவைகளைப் பயன்படுத்துவது மக்கள் கடமை. மனுக் கொடுத்துக் கைகூப்பி நிற்கும் இடமாக அவற்றை ஆக்கிவிடாமல், கணக்குக் கேட்கும் இடமாக ஆக்குதல் வேண்டும். தமிழுணர்வுடையார் ஒவ்வோர் ஊரிலும் கேட்க வேண்டியன இவை:

ஒன்று: நகராட்சியின் சொந்த வருவாய் எவ்வளவு, அதில் நலவாழ்வுக்கென ஒதுக்கப்பட்டது எவ்வளவு, முப்பது விழுக்காடு நிறைந்ததா என்பதை ஆண்டுதோறும் தூய எளிய தமிழில் எழுதி, ஒவ்வொரு வட்டத்திலும் ஒட்டுதல் வேண்டும்.

இரண்டு: எந்த வட்டத்தில் எத்தனை காய்ச்சல், எத்தனை கழிச்சல், எத்தனை நாய்க்கடி, எத்தனை மூச்சுநோய் என்னும் கணக்குத் திங்கள் தோறும் வட்டவாரியாக வெளியிடப்படல் வேண்டும். நோயாளியின் பெயர் வேண்டா, தொகை போதும். எண்ணப்படாத நோய்க்குப் பணம் வாராது.

மூன்று: அக்கணக்கின் அருகிலேயே, அவ்வட்டத்திற்கு எத்தனை நாளுக்கு ஒருமுறை குடிநீர் விடப்பட்டது என்னும் கணக்கும் இடம் பெறல் வேண்டும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கும் எந்தத் தாய்க்கும் நோயின் கரணியம் விளங்கிவிடும், பட்டம் வேண்டியதில்லை.

நான்கு: துப்புரவுப் பணியாளரும் கொசுப்புழு ஒழிப்போரும் ஊர்நலத்தின் முதற்படை. அவர்க்கு நிலையான பணியும், கையுறையும் காலணியும், நோய்க்காலப் பண்டுவமும் ஒதுக்கீட்டின் முதல் வரியிலேயே எழுதப்படல் வேண்டும். மிஞ்சியதில் தருவதாக இருத்தல் கூடாது.

ஐந்து: நோய்க் குறிப்பும், மருந்துச் சீட்டின் அறிவுரையும், மையத்தின் பெயரும் தமிழில் இருத்தல் வேண்டும்.

இராசபாளையத்தின் நீர்த்தேக்கம் ஆறாவது மைலில் நிற்கின்றது. அய்யனார் கோயில் ஆற்று நீர் அதில் வந்து சேர்கின்றது. அது போதாமையால் பொருநை நீரைக் கொண்டுவரும் கூட்டுக் குடிநீர்த் திட்டமும், நிலத்தடிச் சாக்கடைத் திட்டமும் அண்மை ஆண்டுகளில் எடுக்கப்பட்டன. தெருக்கள் தோண்டப்பட்டன, மக்கள் புழுதியையும் பள்ளத்தையும் பொறுத்தனர். பொறுத்தது வீண்போகாமல் காப்பதே இனி வேண்டுவது. குழாயைப் பதிப்பது ஒருமுறை; நீரை விடுவது நாள்தோறும். பதிப்பதற்குத் தில்லியும் சென்னையும் பணம் தரும். நாள்தோறும் விடுவதற்குரிய மின்விசைக்கும் பழுது பார்ப்புக்கும் ஆள் சம்பளத்திற்கும் ஊர்தான் பணம் காண வேண்டும். அப் பணம் எந்த வரிசையில் எழுதப்படுகின்றது என்பதைப் பொறுத்தே அக் குழாயில் நீர் வருமா, காற்று வருமா என்பது முடிவாகும்.

1949 முதல் 1952 வரை இந்நாட்டின் முதலமைச்சராக இருந்த குமாரசாமி இராசா இராசபாளையத்தவர். தாம் வாழ்ந்த வீட்டையே ஊர்ப் பொதுவுக்குக் கொடுத்தவர். அத்தகைய ஈகம் எல்லாருக்கும் இயல்வதன்று. எல்லாரிடமும் அதனை எதிர்பார்ப்பதும் முறையன்று. வீட்டைத் தர வேண்டா. ஆண்டுக்கு ஒரு மாலைப் பொழுதைப் பகுதி அவைக்குத் தந்து, வரவு செலவுத் திட்டத்தைக் கையில் வாங்கி, முதல் வரியில் என்ன எழுதியிருக்கின்றது என்று படித்தால் போதும். அங்குப் புகை எழுதியிருந்தால் அடித்துவிட்டு, நீர் என்று எழுதச் சொல்க. எழுதும் வரையில் அவையை விட்டு எழாதிருக்க.